குண்டு எல்லையும் கரும்பு எல்லையும்

மலர்க் குழுத் தம்பிகள் தொலைபேசியில் கூப்பிட்டபோது, "விடுதி நினைவுகள் ஏதாவது எழுதுங்கண்ணே" என்றுதான் கேட்டார்கள். நம் விடுதிச் சாம்பாரைப் பற்றி முந்தைய மலர்களில் ஏற்கெனவே இரண்டு பேர் எழுதிவிட்டார்கள். அதில் மூன்றாவது முறையும் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று நினைத்து, வேறொரு பாக்கியைத் தீர்க்க இந்தப் பக்கங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பாக்கி இதுதான். சென்ற சந்திப்பில் மதியச் சாப்பாடு முடிந்து கை கழுவும் இடத்தில் ஒரு மாணவத் தம்பி என்னைப் பிடித்துக்கொண்டான். மூன்றாம் ஆண்டு வரலாறு படிக்கிறான். மேடையில் நான் மஞ்சக்குப்பத்தில் சின்னக் கடைகள் ஒவ்வொன்றாக மூடப்படுவதைப் பற்றிக் கொஞ்சம் புலம்பியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "சார், பெரிய கம்பெனி வந்தா பொருள் மலிவாக் கிடைக்குது. பத்துப் பேருக்கு வேலையும் கிடைக்குது. பிடிக்கலைன்னா அவன்கிட்ட வாங்காம, விக்காம விட்டுடலாமே? யாரு கட்டாயப்படுத்துறா?"

நல்ல கேள்வி. கையில் சோற்றுப் பருக்கையோடு பதில் சொல்ல முடியாத கேள்வி. "எழுதி அனுப்புறேன் தம்பி" என்று தப்பித்துக்கொண்டேன். நானும் நம் கல்லூரியில் வரலாறு படித்தவன்தான். பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் வேலை, அதில் பாதிக் காலம் விவசாயக் கடன் மேஜையில். வரலாற்றையும் கடன் பேரேட்டையும் சேர்த்துப் படித்தால் "யாரு கட்டாயப்படுத்துறா" என்பதற்கு நம் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. தேவனாம்பட்டினத்தில் தொடங்கி நெல்லிக்குப்பம் வரை போனால் போதும். பஸ்ஸில் முக்கால் மணி நேரம்.

தேவனாம்பட்டினத்துக் கோட்டையை நம்மில் பலர் வகுப்பைக் கட் அடித்துவிட்டுப் போய் உட்கார்ந்த இடமாகத்தான் நினைவு வைத்திருப்போம். அது புனித டேவிட் கோட்டை. 1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதைச் செஞ்சியிலிருந்து ஆண்ட மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. அப்போது சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். ஆமாம், அமெரிக்காவில் இருக்கிறதே யேல் பல்கலைக்கழகம், அந்தப் பெயர் இவருடையதுதான். அவர் கொடுத்த நன்கொடைக்காக வைத்தார்கள். (நம் சங்கப் பொருளாளர் இந்த வரியைப் படித்துவிட்டு நன்கொடைப் பட்டியலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டாம்.)

அந்தக் கிரயத்தில் ஒரு வேடிக்கையான ஷரத்து. கோட்டை மட்டுமல்ல, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு நிலமும் கம்பெனிக்கு. கம்பெனிக்காரன் என்ன செய்வான்? நல்ல பீரங்கியாகப் பார்த்துச் சென்னையிலிருந்து கொண்டுவந்தான், சுடத் தெரிந்த ஆளோடு. நாலு திசையும் சுட்டார்கள். கடலூர்ப் பட்டணமே எல்லைக்குள் வந்துவிட்டது. அந்த ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்று பெயர். குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப் பெயரில் அந்தக் குண்டு இன்னும் கிடக்கிறது என்று சொல்லுவார்கள்.

வியாபாரம் செய்ய வந்த கம்பெனிக்கு இந்த எல்லை எதற்கு? துணிக்காக. கடலூர்ப் பக்கத்து நெசவாளர் நெய்த துணி அன்றைக்குக் கப்பல் கப்பலாகப் போனது. நெசவாளருக்கு நூல் வாங்க முன்பணம் வேண்டும், வியாபாரி கொடுப்பார், துணி நெய்து கடனைக் கழிக்க வேண்டும். ஆனால் அன்றைய நெசவாளர் ஏமாளி இல்லை. பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரன், தரங்கம்பாடியில் டேனிஷ்காரன், பரங்கிப்பேட்டையில் டச்சுக்காரன், அதோடு நம் செட்டியார்கள், மரைக்காயர்கள் என்று வாங்குகிறவர் பல பேர். ஒருத்தன் விலையை அமுக்கினால், "இந்தாய்யா உன் முன்பணம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்தவனிடம் போய்விடலாம். அந்த வழக்கம்தான் அவருக்கு இருந்த ஒரே பலம்.

1761-இல் பாண்டிச்சேரி வீழ்ந்தது. அதற்குப் பிறகு கர்நாடகத்தில் கம்பெனியின் கை ஓங்கியது. 1801-இல் நவாபின் ஆட்சியையும் நேரடியாகவே எடுத்துக்கொண்டார்கள். இந்த நாற்பது ஆண்டுகளில் சோழமண்டலக் கரை நெசவாளருக்கு நடந்ததைக் கவனிக்க வேண்டும். நடுவில் இருந்த வியாபாரிகளை ஒதுக்கிவிட்டுக் கம்பெனியே தன் குமாஸ்தாக்களை வைத்து நேராக முன்பணம் கொடுத்தது. முன்பணம் வாங்கியவன் கம்பெனித் துணி முடியும் வரை வேறு யாருக்கும் நெய்யக்கூடாது. தாமதமானால் வாசலில் ஒரு சேவகனை உட்கார வைப்பார்கள். அவனுக்குப் படியும் நெசவாளர்தான் அளக்க வேண்டும். கோபம் வந்து ஊரைக் காலி செய்துகொண்டு போனால்? போய்ச் சேரும் ஊரும் கம்பெனி ஊர்தான்.

தம்பி, உன் கேள்விக்கு முதல் பதில் இங்கே இருக்கிறது. யாரும் நெசவாளர் கையைப் பிடித்து இழுத்துத் தறியில் உட்கார வைக்கவில்லை. மற்ற கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தினார்கள், அவ்வளவுதான். அந்தக் கதவுகளைச் சாத்தியது வியாபாரத் திறமையா என்றால், பாதிக்கு மேல் இல்லை. அரசு அதிகாரம் சாத்தியது. முறையிடலாம் என்றால் கச்சேரியில் உட்கார்ந்திருப்பவனும் கம்பெனி ஆள். வியாபாரியே அரசனாகவும் இருந்தால் இரண்டு வேலையும் கெட்டுப்போகும் என்று ஆடம் ஸ்மித் 1776-லேயே எழுதினார். அவர் நம் நெசவாளருக்காக மட்டும் எழுதவில்லை. இங்கிலாந்தின் மற்ற வியாபாரிகளையும் அந்தத் தனியுரிமை கழுத்தை நெரித்தது. அவர்கள் ஓயாமல் சத்தம் போட்டதில் 1813-இல் கம்பெனியின் இந்திய வியாபாரத் தனியுரிமை போயிற்று. 1833-இல் வியாபாரமே போயிற்று. நம் நெசவாளர் போட்ட சத்தம் லண்டன் வரை கேட்கவில்லை.

இனி நெல்லிக்குப்பம்.

எங்கள் காலத்தில் விழுப்புரம் மார்க்கத்து மீட்டர் கேஜ் ரயிலில் பாஸ் எடுத்து வந்த ஒரு கோஷ்டி உண்டு. நானும் அதில் ஒருவன். அரவைப் பருவத்தில் நெல்லிக்குப்பம் ஸ்டேஷனுக்கு முன்பே பாகு வாசனை ஜன்னல் வழியாக வந்துவிடும். கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் புளித்த நெடி. ஆலைச் சங்கு ஊதினால் ஊரில் கடிகாரத்தைத் திருத்துவார்கள். கரும்பு வண்டிகளின் வரிசை சாலையில் எங்கே முடிகிறது என்று பார்ப்பது எங்களுக்கு ஒரு விளையாட்டு. மிட்டாய்த் தொழிற்சாலையும் அங்கேதான். காபி பைட், லாக்டோ கிங் எல்லாம் நம் ஊர்ச் சரக்கு என்பதில் எங்களுக்கு ஒரே பெருமை. (அந்த மிட்டாய்க் கம்பெனியை 2004-இல் கொரியாவின் லோட்டே வாங்கிவிட்டது.)

பாரி என்றதும் தமிழ் மாணவர்களுக்கு முல்லைக்குத் தேர் கொடுத்த பாரிதான் நினைவுக்கு வருவார். இவர் தாமஸ் பாரி, வேல்ஸ் நாட்டுக்காரர். 1788-இல் சென்னைக்கு வந்து வியாபாரம் தொடங்கினார். 1824-இல் நம் பக்கத்தில்தான் காலராவில் இறந்தார். அவர் ஆரம்பித்த கம்பெனி 1842-இல் இந்தப் பகுதியில் சர்க்கரைத் தொழிலை ஆரம்பித்ததாகத் தன் வரலாற்றில் எழுதிக்கொள்கிறது. 1897-இல் 'ஈஸ்ட் இந்தியா டிஸ்டிலரீஸ் அண்டு சுகர் ஃபாக்டரீஸ்' என்று தனிக் கம்பெனி ஆயிற்று. இ.ஐ.டி. என்ற மூன்று எழுத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி என்று நம்மில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம், அது வடிசாலை. 1981-இல் முருகப்பா குழுமத்தின் கைக்கு வந்தது.

ஆரம்ப காலத்தில் இந்தத் தொழில் எப்படி நடந்தது என்பது முக்கியம். கம்பெனி முதலில் வெல்லத்தை வாங்கித்தான் சுத்திகரித்துச் சர்க்கரை ஆக்கியது. குடியானவர் தன் கரும்பைத் தானே ஆட்டி, கொப்பரையில் காய்ச்சி, வெல்லமாக்கி விற்றார். பனைவெல்லமும் அப்படித்தான். பிறகு பெரிய எந்திரங்கள் வந்தன. ஆலை வெல்லத்தை விட்டுக் கரும்பையே வாங்க ஆரம்பித்தது. சர்க்கரைத் தொழிலுக்கு இது பெரிய முன்னேற்றம். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் குடியானவரின் நிலை அந்த நாளில் தலைகீழாக மாறியது. எப்படி என்று கேட்டால் கடன் மேஜையில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

வெல்லம் காத்திருக்கும். பரணில் ஏற்றி வைத்தால் மாசக்கணக்கில் கெடாது. விலை சரியில்லை என்றால் பொங்கல் வரை வைத்திருக்கலாம். இந்தச் சந்தையில் இல்லாவிட்டால் வண்டி கட்டி அடுத்த சந்தைக்குக் கொண்டுபோகலாம். கரும்பு காத்திருக்காது. வெட்டியபின் இருபத்திநாலு மணி நேரத்துக்குள் அரைக்க வேண்டும். தாமதிக்கத் தாமதிக்க எடையும் போகும், சர்க்கரைச் சத்தும் போகும். வெட்டாமல் வயலிலேயே விட்டாலும் பருவம் தாண்டினால் பூவெடுத்துச் சக்கையாகிவிடும். ஆக, வெல்லம் விற்றவர் "இன்னிக்கு விக்கலை" என்று சொல்ல முடிந்தது. கரும்பு விற்றவரால் அதைச் சொல்ல முடியாது. வாங்குபவர் ஒரே ஒருத்தர், விற்கும் பொருளோ நாளைக்குக் கெட்டுப்போவது. இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில் பேரம் என்பது கிடையாது.

வடிசாலைக் கதை இன்னும் பழசு. ஊருக்கு ஊர் பட்டை ஊறவைத்துக் காய்ச்சியது ஒரு காலம். அது நல்லதென்று சொல்ல வரவில்லை. அரசாங்கத்துக்கு அதில் வரி வசூலிப்பது சிரமம். நூறு அடுப்பைக் காவல் காப்பதைவிட ஒரு பெரிய வடிசாலையைக் காவல் காப்பது சுலபம். 1886-ஆம் வருஷத்துச் சென்னை அப்காரிச் சட்டக் காலத்தில் சின்னக் காய்ச்சல்கள் குற்றமாயின. ஒப்பந்தம் எடுத்த பெரிய வடிசாலைகள் சாராயம் சப்ளை செய்தன. தென்னார்க்காட்டுக்கு நெல்லிக்குப்பத்திலிருந்து போயிற்று. இந்த ஏற்பாட்டில் யாருக்கு லாபம் என்று பாருங்கள்: அரசாங்கத்துக்கு வரி, கம்பெனிக்குப் போட்டியில்லாத சந்தை. குடிகாரனின் எண்ணிக்கை மட்டும் குறையவில்லை. 1948-இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தபோதுதான் அந்த ஒப்பந்தம் முடிந்தது.

சலுகை கொடுத்தால் எல்லாக் கம்பெனியும் தேறிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். சிதம்பரம் போகிற வழியில் பரங்கிப்பேட்டையில் 1830-இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் பெரிய இரும்பு உலை வைத்தார். கிழக்கிந்தியக் கம்பெனியே கடனும் தனியுரிமையும் கொடுத்தது. அடுப்புக்கரிக்காகக் காடுகள் போனதுதான் மிச்சம்; சில பத்தாண்டுகளில் மூடிவிட்டார்கள்.

"மலிவாக் கிடைக்குது" என்று தம்பி சொன்னானே, அதற்கு மட்டும் நம் மாவட்டத்தை விட்டுத் தூத்துக்குடி வரை போக வேண்டியிருக்கிறது. 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். தூத்துக்குடி – கொழும்பு மார்க்கத்தில் அதுவரை பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் ராஜ்யம். போட்டி வந்ததும் அந்தக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி அரை ரூபாய் என்றது. உடனே வெள்ளைக் கம்பெனி "கட்டணமே வேண்டாம், ஏறுங்கள், ஆளுக்கு ஒரு குடையும் தருகிறோம்" என்று இறங்கியதாகச் சொல்வார்கள். பயணிக்கு இதைவிட மலிவு கிடைக்குமா? ஆனால் அந்தக் குடை எத்தனை நாளைக்கு? எதிரி மூழ்கும் வரைக்கும். அதுவும் போதவில்லை; 1908-இல் வ.உ.சி. மீது ராஜ துரோக வழக்குப் போட்டு நாற்பதாண்டு தண்டனை விதித்தார்கள். மேல்முறையீட்டில் பின்னால் குறைந்தது என்றாலும், அவர் வெளியே வருவதற்குள் 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டுவிட்டது. கப்பல் போட்டியில் தோற்றார் என்று பாடப் புத்தகத்தில் ஒரு வரியில் முடிப்பது நியாயமில்லை. ஒரு பக்கம் கட்டண வெட்டு, இன்னொரு பக்கம் கலெக்டரும் போலீசும் கோர்ட்டும்.

அந்தச் சுதேசி முயற்சிக்காகத் தன் 'இந்தியா' பத்திரிகையில் எழுதிய பாரதி, பாண்டிச்சேரியில் பத்தாண்டு அடைக்கலம் இருந்துவிட்டு 1918 நவம்பரில் எல்லை தாண்டியபோது கைதாகிக் கடலூர்ச் சிறையில்தான் இருந்தார். பழைய பட்டணம் பக்கம் போகிறவர்கள் அதை நினைத்துக்கொள்ளலாம்.

சுதந்திரம் வந்தபின் கதை மாறியதா? மாறியது, சட்டத்தில் நியாயமும் வந்தது. 1949-இல் சென்னைச் சர்க்கரை ஆலைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1966-இல் மத்திய அரசின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை. இதன்படி குறைந்தபட்ச விலையை அரசு அறிவிக்கும். கரும்பு வந்த பதினாலு நாளில் ஆலை பணம் கொடுக்க வேண்டும். தவறினால் 15 சதவீதம் வட்டி. ஒவ்வொரு ஆலைக்கும் ஒரு பகுதியை ஒதுக்கலாம். அந்தப் பகுதிக் கரும்பு அந்த ஆலைக்குத்தான். 2006-இல் இன்னொன்றும் சேர்த்தார்கள்: ஒரு ஆலையிலிருந்து 15 கிலோமீட்டருக்குள் புது ஆலை வரக்கூடாது.

இந்த ஒதுக்கீட்டை ஒரேயடியாகத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. கோடிக்கணக்கில் போட்டு ஆலை கட்டுகிறவனுக்குக் கரும்பு வரும் என்ற நிச்சயம் வேண்டும். விவசாயிக்கும் "உன் கரும்பை வாங்கித்தான் தீர வேண்டும்" என்ற பிடி வேண்டும். கெட்ட வருஷங்களில் அந்தப் பிடி பல குடும்பங்களைக் காப்பாற்றியதை நானே பேரேட்டில் பார்த்திருக்கிறேன். விதைக்கரும்பு, உரம், கடன் எல்லாம் ஆலை மூலமாக வந்தன. வங்கிக்கும் சௌகரியம்: விவசாயிக்குக் கடன் கொடுப்போம், ஆலை கரும்புப் பணத்தில் பிடித்துக் கட்டிவிடும்.

ஆனால் அந்த ஒதுக்கீட்டுக்குள் வாழ்வது எப்படி என்று எனக்குக் காட்டியவர் என் தாய்மாமன். வேறு மாவட்டம்; ஆலையின் பெயர் இங்கே வேண்டாம். எண்பதுகளில் ஒரு வருஷம் அவருக்கு வெட்டு உத்தரவு வரவே இல்லை. கோட்ட ஆபீசுக்கு நடையாய் நடந்தார். "மெஷின் ரிப்பேர்", "அடுத்த வாரம்", "உங்க பதிவு பின்னாடி இருக்கு". இரண்டு மாசம் தள்ளிப்போய்க் கரும்பு பூவெடுத்துவிட்டது. பக்கத்து ஊரில் வெல்லம் காய்ச்சுகிறவர் ரொக்கம் தருகிறேன் என்றார். இருபது கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஆலை அரைத்துக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் கொடுக்க முடியாது. பதிவு ஒப்பந்தமும் கடனும் ஒரே இடத்தில். நான் பாங்க் ஆபீசர் தோரணையில், "அக்ரிமென்ட்ல கையெழுத்துப் போட்டிருக்கீங்களே மாமா" என்றேன். மாமா என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

"ஏன் மாப்ளே, நட்டவன் நானு, தண்ணி பாய்ச்சினவன் நானு. என் கரும்ப எப்ப வெட்டணும்னு சொல்றவன் அவன், எடை போடுறவன் அவன், சத்து எவ்ளோன்னு பாக்குறவன் அவன், வெலையும் அவன் கைல. இதுல நான் எதுக்குடா, கையெழுத்துப் போடவா?"

மூன்றாவது வருஷம் சவுக்கு வைத்துவிட்டார். சவுக்கு நின்று வளரும், யாருக்கும் காத்திருக்காது என்றார்.

மாமா சொன்னதில் 'சத்து' விஷயம் சாதாரணமில்லை. கரும்பு விலை சர்க்கரைச் சத்தின் அடிப்படையில் கணக்கிடப்படுகிறது. உதாரணத்துக்கு 2024-25 பருவத்தில் மத்திய அரசு அறிவித்த விலை குவிண்டாலுக்கு 340 ரூபாய். ஆனால் அது 10.25 சதவீதச் சத்துக்கு. சத்து குறைந்தால் விலை குறையும். அந்தச் சதவீதம் ஆலைக்குள் எடுக்கப்படும் கணக்கு. வெளியே வண்டியில் உட்கார்ந்திருப்பவருக்கு அது வானிலை அறிக்கை மாதிரி, காதில் விழும், சரிபார்க்க முடியாது. லாபத்தில் பங்கு என்று 1974-இல் பார்கவா குழு வழியில் ஒரு பிரிவு சேர்த்தார்கள். அதுவும் வழக்கும் கணக்குமாக இழுத்துக்கொண்டே போய் 2009-இல் நீக்கப்பட்டது.

இதற்கு நேர் எதிரான காட்சியைப் பார்க்க வேண்டுமானால் நெல்லிக்குப்பத்திலிருந்து அடுத்த பஸ்ஸில் பண்ருட்டிக்குப் போகலாம். பலாப்பழ மண்டிகளைப் பாருங்கள். பலாவும் கெட்டுப்போகிற சரக்குதான். மண்டிக்காரர் ஒன்றும் தர்மகர்த்தா இல்லை. கமிஷனும் பிடிப்பார், பழத்தைத் தட்டிப் பார்த்துக் குறையும் சொல்வார். ஆனால் "போய்யா" என்று அடுத்த மண்டிக்கு வண்டியைத் திருப்ப முடியும். மணிலாவுக்கு ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் இருக்கிறது. 1933-ஆம் வருஷத்துச் சந்தைச் சட்டத்தின் பிள்ளை அது. பத்து வியாபாரிகள் மூடிய சீட்டில் விலை எழுதிப் போடுவார்கள். விவசாயிக்குப் பிடிக்காவிட்டால் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வரலாம். கரும்புக்காரருக்கு இந்த இரண்டு வசதியும் இல்லை. அதே மண், அதே கெடிலம், பெண்ணையாற்றுத் தண்ணீர், அதே ஜனங்கள்.

கதவு ஒன்றே ஒன்று என்றால் குரலும் தேய்ந்துபோகும் என்பதை நான் பலமுறை பார்த்தேன். ஆலையைக் குறை சொல்லிப் பேசியவர் தன் வெட்டு உத்தரவு தள்ளிப்போகுமோ என்று பயப்படுவார். தள்ளிப்போகாவிட்டாலும் பயம் பயம்தான். கூட்டத்தில் வாயைத் திறக்காதவர் பஞ்சாயத்துத் தேர்தலில் மட்டும் எப்படித் திறப்பார்? ஓட்டுப் போடும் உரிமை எல்லாருக்கும் சமம் என்பது உண்மைதான். ஆனால் வருஷ வருமானம் முழுவதும் ஒரு எடைமேடையைத் தாண்டித்தான் வர வேண்டும் என்றிருக்கிறவர் சுதந்திரமாகப் பேச, கூட ஒரு துணை வேண்டும்.

அந்தத் துணை சங்கம்தான். 2009-இல் மத்திய அரசு விலை முறையை மாற்றி, மாநிலங்கள் கூடுதல் விலை அறிவித்தால் வித்தியாசத்தை ஆலை கொடுக்க வேண்டியதில்லை, மாநில அரசே கொடுக்கட்டும் என்று விதி கொண்டுவந்தது. நவம்பரில் உத்தரப் பிரதேசக் கரும்பு விவசாயிகள் டெல்லியை நிரப்பினார்கள். பாராளுமன்றம் நடக்கவில்லை. சில நாளில் அந்த விதியைத் திரும்பப் பெற்றார்கள். ஆலைக்காரருக்கு டெல்லியில் ஆபீஸ் இருக்கிறது. விவசாயி சாலையில் போய் நின்றால்தான் தெரிவார்.

நம் மாநிலத்தில் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. மாநில அரசு பரிந்துரைத்த விலையைத் தனியார் ஆலைகள் பல கொடுக்க மறுத்து, 2013-14 முதல் நான்கு பருவ நிலுவை மலையாகக் குவிந்தது. 2017-18-இலிருந்து பரிந்துரை விலையையே விட்டுவிட்டு வருவாய்ப் பங்கீட்டு முறைக்குப் போய்விட்டார்கள். தஞ்சைப் பக்கம் திருமண்டங்குடியில் இன்னும் மோசம். அந்த ஆலைக் குழுமத்துக்கு நம் மாவட்டத்திலும் பெண்ணாடம் பக்கம் ஆலை இருந்தது. கரும்புப் பணம் வரவில்லை, அதற்கு மேல் தங்கள் பெயரில் வங்கிக் கடனும் வாங்கப்பட்டிருக்கிறது என்பது விவசாயிகளின் புகார். குழுமம் திவால் நடவடிக்கைக்குப் போய் ஆலை கைமாறியது. 2022 நவம்பர் 30 அன்று விவசாயிகள் ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள், வருஷக்கணக்கில் எழுந்திருக்கவில்லை. செய்தித்தாளில் அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆலை கட்டிவிடும் என்ற நம்பிக்கையில் விவசாயியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் கடன் தாளில் கையெழுத்துப் போட்ட மேஜை நான் உட்கார்ந்த மேஜை மாதிரியானதுதானே. நான் இருந்த கிளையில் அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆனால் நடந்திருக்க முடியாது என்று என்னால் சொல்ல முடியாது.

சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 2012-லேயே இந்தப் பகுதி ஒதுக்கீட்டையும் 15 கிலோமீட்டர் விதியையும் படிப்படியாக நீக்கலாம் என்று பரிந்துரைத்தது. நீக்கினால் மட்டும் போதுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஒதுக்கீடு போய், இருக்கும் ஆலைகளையெல்லாம் இரண்டு மூன்று குழுமங்களே வாங்கிவிட்டால், காகிதத்தில் இல்லாத எல்லை நிஜத்தில் இருக்கும். கூட்டுறவு ஆலைகள் அதற்கு மாற்றாக வந்தவைதான், சேத்தியாத்தோப்பில் இருக்கிறது. உறுப்பினர் விவசாயி, ஓட்டு உண்டு. ஆனால் தேர்தல் நடத்தாமல் தனி அதிகாரியை வைத்து ஓட்டும் காலங்களில் அதுவும் இன்னொரு கம்பெனி மாதிரிதான் நடக்கும்.

மேலே டெல்லியில் கதவு எப்படித் திறக்கிறது என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஒரு கம்பெனி கட்சிகளுக்கு எவ்வளவு நன்கொடை தரலாம் என்பதற்கு முன்பு உச்சவரம்பு உண்டு: மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 7.5 சதவீதம். 2017-இல் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். தேர்தல் பத்திரம் என்று ஒன்று வந்தது, யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று ஓட்டுப் போடுகிறவருக்குத் தெரியாது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டையும் செல்லாது என்று தீர்ப்பளித்தது. குண்டு போய் விழும் தூரத்தைக் கம்பெனி தானே சுட்டு அளந்துகொண்ட கதை அன்றைக்கு எனக்கு நினைவுக்கு வந்தது.

தம்பிக்குச் சொல்ல வேண்டியது இன்னும் இருக்கிறது, ஆனால் மலர்க் குழு பக்கத்தை எண்ணுகிறார்கள். இந்தச் சந்திப்பின் இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, விருப்பமுள்ள மாணவர்களைக் கோட்டையிலிருந்து கிளப்பிக்கொண்டு குண்டு உப்பலவாடி, நெல்லிக்குப்பம், பண்ருட்டி மண்டி என்று ஒரு சுற்று போய்வரலாம் என்றிருக்கிறேன். வேன் செலவைச் சங்கம் ஏற்கும் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். தொப்பியும் தண்ணீரும் அவரவர் கொண்டுவர வேண்டும். சவுக்குத் தோப்பு வைத்திருக்கும் என் மாமா பையனையும் வரச் சொல்லியிருக்கிறேன். அவன் இப்போது மறுபடி இரண்டு ஏக்கர் கரும்பு போட்டிருக்கிறான். ஏன் போட்டான் என்று அவனையே கேளுங்கள்.